ஹனோயின் குளிருக்கு வீதியோரச் சாப்பாடு

அன்புள்ள ராமநாதனுக்கு,

நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் மனம் நிம்மதியாயிற்று. ஜனவரியில் தங்கை கோமதியுடன் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். "வியட்நாம் நம் ஊரைப் போல வெயில் தேசம்தானே" என்று நீ கேட்டிருப்பது தெற்கே இருக்கும் சைகோனுக்குப் பொருந்தும், வடக்கே இருக்கும் ஹனோய்க்குப் பொருந்தாது. வடகிழக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் இங்கே சில சமயம் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே போய்விடும். அப்படிப் போனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. இதெல்லாம் ஒரு குளிரா என்று டெல்லியில் வேலை பார்த்த நீ சிரிக்கலாம். ஆனால் இது ஈரம் கலந்த குளிர். பெரும்பாலான வீடுகளில் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது என்பதால், வெளியில் இருக்கும் அதே குளிர்தான் வீட்டுக்குள்ளும் இருக்கும். குளிர்காய்வதற்கென்றே இந்த ஊர் மக்கள் வீதிக்கு இறங்கி வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்பைப் பற்றி நீ அறிவாய். அன்னாசிப்பூவும் பட்டையும் சுட்ட இஞ்சியும் மணக்கும் அந்த மாட்டெலும்புச் சாறு எல்லா மாதமும் கிடைக்கும். குளிர்காலத்துக்கு உரியது என்று நான் சொல்வது சாவ் சுவொன் என்னும் கஞ்சியை. அரிசியை மாவாக அரைத்து, பன்றி விலா எலும்பு வெந்த நீரில் ஓயாமல் கிளறிக் காய்ச்சுவதால் அதில் ஒரு பருக்கைகூடத் தட்டுப்படாது. மேலே குவாய் என்ற பொரித்த மாவுத் துண்டுகளைக் கிள்ளிப் போட்டு, மிளகுத்தூள் தாராளமாகத் தூவித் தருவார்கள். மாவுத்துண்டு மொறுமொறுப்பு இழப்பதற்குள் சாப்பிட வேண்டும், கஞ்சியோ நாக்கைச் சுடும். இந்த அவசரத்திலேயே பாதிக் குளிர் போய்விடுகிறது.

இங்கே உடம்புக்குச் சூடு தருவது மிளகாயைவிட இஞ்சிதான். உணவைச் சூடு, குளிர்ச்சி என்று நம் பாட்டிமார் பிரித்ததைப் போலவே இவர்களும் பிரிக்கிறார்கள். நத்தை குளிர்ச்சி என்பதால், எலுமிச்சைப்புல் போட்டு அவித்த நத்தையை இஞ்சியும் மிளகாயும் கலந்த மீன் சாஸில் தோய்த்தே உண்பார்கள். கரு வளர்ந்த வாத்து முட்டைக்கும் இஞ்சிச் சீவல் உண்டு. (முட்டையை நான் இன்னும் தொடவில்லை, தொடும் உத்தேசமும் இல்லை.) இஞ்சியின் உச்சம் பான் ட்ரோய் தாவ். பசையரிசி மாவில் பெரிய உருண்டைகள் பிடித்து, ஒன்றில் கறுப்பு எள்ளும் மற்றொன்றில் பாசிப்பருப்பும் பூரணமாக வைத்து, தொண்டையைக் காரமாகத் தொடும் இஞ்சிப் பாகில் மிதக்கவிட்டு, வேர்க்கடலை தூவிக் கொடுப்பார்கள். பழைய நகரின் ஹாங் ஸாய் தெருவில் இரவு இதற்காகக் கூட்டம் கூடும். இனிப்பைவிட அந்தப் பாகின் காரம்தான் எனக்கு முக்கியம். பாகு நீர்த்துப்போன கடைக்கு நான் மறுமுறை போவதில்லை.

முட்டைக் காபியையும் கேட்டிருந்தாய். 1946ஆம் ஆண்டு, பால் தட்டுப்பாட்டின்போது, மெட்ரோபோல் விடுதியில் பணியாற்றிய நுயென் வான் ஸாங் மஞ்சள் கருவை அடித்து நுரையாக்கி உருவாக்கியது அது. ஆறாதிருக்க, குவளையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பார்கள். வாசனை உனக்குப் பிடிக்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

கோமதி சைவம் என்பதை மறக்கவில்லை. பான் ட்ரோய் தாவ் இருக்கிறது. கரி அடுப்பில் சுட்ட சோளமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் முச்சந்திகளில் கிடைக்கும். மஞ்சள் நிறப் பசையரிசிச் சோறான சோய் ஸேயோவில் கொழுப்பு ஊற்றும் வழக்கம் உண்டு என்பதால், வாங்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் உண்பதால், அந்நாட்களில் தேடும் சிரமம் குறையும்.

சந்திரப் புத்தாண்டான தெத்துக்கு வீதிக் கடைகளில் பெரும்பாலானவை மூடிவிடும். ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகையால் அதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே வந்து சேரும்படி பயணச்சீட்டை எடு. கோமதிக்குக் கம்பளிக் காலுறை அவசியம். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
சுந்தரம்