விண்ணப்பம் போடப் போகிறேன்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் ஏதாவது ஒரு பத்திரத்தைத் தேட எழுந்து போய்விட்டேன். ஆமாம், நீ கேள்விப்பட்டது சரிதான். இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்த நான், இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் உன் அக்கா மகள் விஷயம். மட்டக்களப்பு மாப்பிள்ளை என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! கல்யாணம் ஆனதுமே குடியுரிமை கிடைத்துவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அப்படிக் கிடைக்காது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஒரு வருஷம் முழுக்க அவள் இங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்கலாம், அவ்வளவுதான். அதுவரை வதிவிட விசாவில் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அப்பா வழியில் இலங்கைக் குடியுரிமை வந்துவிடும். பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாள் என்றால் மட்டும், குழந்தை பிறந்த ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்துவிடச் சொல். அம்மா வழியிலும் குடியுரிமை வரும் என்று சட்டம் மாறியது 2003-இல்தான். அதற்கு முன்பு வெளிநாட்டவரைக் கட்டிய இந்த நாட்டுப் பெண்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பார்கள்!

ஒரு வருஷத்தில் கேட்கக்கூடியதை நீ ஏன் 11 வருஷம் தள்ளிப்போட்டாய் என்று இப்போது கேட்பாய். மனசு வரவில்லை, அதுதான் உண்மை. விசா முடிகிற மாதம் வந்தால் போதும், இவருக்கும் எனக்கும் ராத்திரி மெயில் ரயிலில் இரண்டு இருக்கை. விடியற்காலை கொழும்பு கோட்டையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, பத்தரமுல்லை சுகுருபாயவில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய் வரிசையில் நிற்போம். இவர் கையில் அடையாள அட்டை, என் கையில் நீல நிற இந்தியப் பாஸ்போர்ட். ஒரு தடவை மகனுக்குக் காய்ச்சல், அவனையும் தோளில் போட்டுக்கொண்டு போனோம். "அம்மா, நம்ம வீட்டுல இருக்கிறதுக்கு நீங்க மட்டும் ஏன் கேக்கணும்?" என்றான். அன்றைக்கு அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் முடிவெடுக்க வைத்தது மாமிதான், இவருடைய அம்மா. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், உனக்குத் தெரியுமோ என்னவோ. கல்யாணத்தின்போது மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாமிக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். போன தைப்பொங்கலன்று பின்வளவில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். மாமி வந்து பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. வீட்டை உம்மட பேருக்கு எழுதப் போறன்" என்றார். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வாரமே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் (நம் ஊரில் பத்திரம் எழுதுகிறவர் மாதிரி) கூட்டிக்கொண்டு போனார். வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது, 2014-இல் வந்த சட்டம் தடுக்கிறது என்று அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். மாமி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போதுதான், "நீர் வெளிநாடாம்" என்றார். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

அப்புறம் ஓட்டு. 2024-இல் இங்கே செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். இரண்டு தடவையும் மாமியைக் கைப்பிடித்து வாக்குச்சாவடி வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் வெளியே நின்றேன். அதே வருஷம் இந்தியாவில் நடந்த தேர்தலுக்கும் நான் வரவில்லை. கல்லூரியில் படிக்கும்போது முதல் ஓட்டுப் போட நீயும் நானும் எப்படிக் கிளம்பினோம், நினைவிருக்கிறதா? இப்போது இரண்டு கரையிலும் எனக்கு ஓட்டு இல்லை.

நீ கோபப்படுவாய் என்று தெரியும், ஆனாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன். இது கிடைத்தால் அது போய்விடும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடும், 1955-ஆம் ஆண்டுச் சட்டம் 9-ஆம் பிரிவு. பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் அட்டைக்கு, மனுப் போடலாம். அது கிடைத்தால் ஆயுசுக்கும் விசா இல்லாமல் வந்து போகலாம், ஓட்டு மட்டும் கிடையாது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன், ஆனாலும் ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. 2023-இல் நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கிய போது, இனி நினைத்தால் அம்மாவைப் போய்ப் பார்க்கலாம் என்று துள்ளினேன். அந்த அட்டை வரும்வரை, நான் பிறந்த ஊரில் இறங்க விசா வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இங்கே பதிந்த விவாகச் சான்றிதழில் வெறும் இனிஷியல், அதிலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துவிட்டேன். (நம் ஊரில் பிரமாணப் பத்திரம் என்போமே, அதற்கு இங்கே அந்தப் பெயர்.) கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழும் வாங்கியாயிற்று. பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி ஒன்றுதான் பாக்கி. நீ திருவாரூர் போகும்போது ஒரு எட்டு நாகப்பட்டினம் நகராட்சிக்குப் போய் அதை வாங்கி அனுப்ப முடியுமா? பெயரையும் தேதியையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா பெயரின் எழுத்துகளை வாங்கும் இடத்திலேயே ஒருமுறை சரிபார்த்துவிடு.

அப்படியே அம்மாவையும் பார்த்துவிட்டு வா. எதுவும் சொல்லாதே. ஆடி முடிந்து நான் வருகிறேன், நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி