கத்தியோடு தயங்கிய பையன்

ஐயா,

1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற இரண்டாம் உலகப் போர்ப் படத்தைச் சமீபத்தில் பேரனோடு மறுபடி பார்த்தேன். அலெக் கின்னஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது, சரி. என் மனசில் நிற்பவர் லெப்டினன்ட் ஜாய்ஸாக வந்த ஜெஃப்ரி ஹோர்ன். அப்போது அவருக்கு வயது இருபத்துச் சொச்சம்.

ஜாய்ஸ், கணக்குப் பார்க்கும் வேலை சலித்துப் பட்டாளத்துக்கு வந்தவன். கத்தியால் ஒருவனைக் கொல்ல முடியுமா என்று கேட்டால், தெரியவில்லை என்கிறான். காட்டில் தன் வயசு ஜப்பான் சிப்பாய் எதிரே வந்ததும் கை ஓடாமல் நிற்கிறான். அந்த ஒரு நொடி முகத்தை எத்தனை நாயகர்களால் காட்ட முடியும்? கடைசியில் ஆற்றங்கரையில் அதே கை ஜப்பான் கைதி முகாமின் தலைவன் சைட்டோவைக் குத்துகிறது. அப்புறம் அவனும் குண்டடிபட்டுச் சாகிறான்.

படம் எடுத்தது இலங்கையில். அந்தக் காடு எனக்குப் பாபநாசத்து மலையாகவே தெரிந்தது. பேரன் கேட்டது ஒன்றுதான்: "தாத்தா, அந்த அண்ணன் ஏன் செத்தாரு?"

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை