முன்பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டியது

அன்பு மகளுக்கு,

முதுகலை இயற்பியலை வெளிநாட்டில் படிக்க விரும்புவதாகவும், கோவையில் ஒரு ஏஜென்சிக்காரர் காட்டிய கல்லூரிக்கு முன்பணம் கட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். நீ போக வேண்டும் என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பணத்தை இப்போது கட்டாதே, கண்ணு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போகும் வழியிலும் இத்தகைய நிறுவனங்களின் பலகைகள் பெருகிவிட்டன. சேர்த்துவிடும் மாணவருக்காகக் கல்லூரியிடம் கமிஷன் பெறுவது அவர்களில் பலருடைய தொழில் என்பதால், கமிஷன் கிடைக்காத இடங்களைப் பற்றி அவர்களாக வாய் திறப்பது அரிது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் விதிக்கிறது. அவற்றை விலக்கினாலும் உனக்கு இடங்கள் மிஞ்சும்.

விசாவுக்காக ஓராண்டுச் செலவான 11,904 யூரோவை, ஏறத்தாழ 12 லட்சம் ரூபாயை, ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும் என்பது உண்மைதான். எனினும் அது கட்டணம் அன்று. உன் பெயரிலேயே இருந்து, மாதம் 992 யூரோவாக உன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திரும்பி வரும் பணம். நம் சேமிப்போடு அளவான வங்கிக் கடன் சேர்ந்தால் அதைத் திரட்டிவிடலாம். தென்னந்தோப்பின் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

அதற்கும் முன்னால் நீ தட்ட வேண்டிய கதவு, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டம். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கும் அந்த முதுகலைப் படிப்புகளில் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருவார்கள். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பல படிப்புகளுக்கு அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் விண்ணப்பம் என்பதால், தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு போய்விடும்.

நம் கேரளத்து உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன், 1945-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனது டாட்டா உதவித்தொகையில்தான். 1892-ல் தொடங்கிய ஜே. என். டாட்டா அறக்கட்டளை இன்றும் மேற்படிப்புக்கு, பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் உதவித்தொகை தருகிறது. குடியரசுத் தலைவரானவரின் கதை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உதவித்தொகை கேட்டு விண்ணப்பிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

ஜெர்மனிக்கு என்றால் விசாவுக்கு, உன் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் தேவை, அது கைக்கு வர நாளாகும். ஆங்கிலவழிப் படிப்பானாலும் ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்கு. தமிழ்வழியில் படித்துக்கொண்டே மலையாளத்தைப் பேருந்திலும் கடைத்தெருவிலும் கற்றவள் நீ, உன்னால் முடியும்.

சனிக்கிழமை வரும்போது எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியல்களையும் பாஸ்போர்ட்டையும் கொண்டு வா. வருமானச் சான்றிதழுக்கு அப்பா அரசு இ-சேவை மையமான அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்துவிட்டார். உனக்குப் பிடித்த ஐந்து பாடப்பிரிவுகளையும் அவற்றின் கடைசித் தேதிகளையும் அதற்குள் எழுதி வைத்திரு. உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா