இரவுச் சராசரியில் காணாமல் போகும் எங்கள் உறக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை விமான நிலையத்தின் மேற்கே, முதன்மை ஓடுபாதையின் முனையை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் பொழிச்சலூர், கவுல் பஜார், அனகாபுத்தூர், பம்மல் ஆகிய பகுதிகளில் குடியிருப்போரில் ஒருவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். விமானங்களின் இரைச்சல் குறித்த எங்கள் கவலை புதிதன்று. ஆனால் அதை எப்படி அளப்பது என்பதிலேயே எங்களுக்கும் விதிமுறைகளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

விமானம் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதால், எங்கள் ஊர்களின் இரைச்சலுக்கும் பருவம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும்போது புறப்படும் விமானங்கள் இயந்திரத்தின் பெரும் விசையோடு எங்கள் மொட்டைமாடிகளுக்கு மேலாக எழும்புகின்றன. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிவிட்டால், அவை கிண்டி, ஆலந்தூர் பக்கமாகக் கடலை நோக்கி ஏறத் தொடங்கும். இறங்குபவை எங்கள் பக்கமாக வரும். காற்று திரும்பிவிட்டதா என்பதை எங்கள் தெருப் பெரியவர்கள் வேப்பமரத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. விமானம் வரும் திசையை வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

பகலில் இதற்கு நாங்கள் பழகிவிட்டோம் என்றே சொல்லலாம். தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர் "இரு, போகட்டும்" என்று வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். வகுப்பறையில் ஆசிரியை சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி காத்திருப்பார். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள்தாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் பின்னிரவு வேறு. எல்லாச் சத்தமும் அடங்கிய இரண்டு, இரண்டரை மணிக்கு முதலில் அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அதன்பின் சன்னல் கண்ணாடி அதிரும். பிறகுதான் இரைச்சல் வந்து சேரும். கண்ணாடி அதிராமலிருக்க நாங்கள் சட்டத்தின் இடுக்கில் மடித்த அட்டையைச் செருகி வைத்திருக்கிறோம். தூங்கும் குழந்தைக்குச் செருக அட்டை ஏதுமில்லை. கவுல் பஜாரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வசிப்பவர்களுக்கு, தளம் போட்ட வீடுகளில் இருக்கும் எங்களுக்குக் கிடைக்கும் இந்தச் சிறு மறைப்பும் இல்லை.

எங்கள் தெருவாசிகள் சிலர் சேர்ந்து, சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்கு மனு அனுப்பினோம். இரைச்சல் விதிமுறைகளுக்கு உட்பட்ட அளவிலேயே இருப்பதாக ஒரு வரியில் பதில் வந்தது. அந்தப் பதில் பொய் என்று நான் கூறவில்லை. அது உண்மையாகவே இருக்கலாம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பு. விமான நிலையங்களைச் சூழ்ந்த பகுதிகளுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018இல் தனியே ஒரு வரம்பை அறிவித்தது. ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களில் அது பகலில் 70, இரவில் 65 டெசிபல். சென்னை அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டது. ஆக, இதே மாநகரின் மற்றொரு தெருவில் இரவில் 45 என்றிருக்கும் வரம்பு, ஓடுபாதையை ஒட்டிய பகுதியில் 65 ஆகிவிடுகிறது. டெசிபல் கணக்கில் 20 கூடுவது என்றால் ஒலியின் ஆற்றல் 100 மடங்கு என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் அதே 2018இல் ஐரோப்பிய நாடுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் விமான இரைச்சல் 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

இதைவிட முக்கியமானது, அந்த 65 என்பது இரவு முழுமைக்குமான சராசரி என்பது. ஒரு விமானம் 85 டெசிபல் அளவில் 20 விநாடிகள் வீட்டுக்கு மேலே கடந்து செல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒலியை எட்டு மணி நேரத்துக்கும் பரப்பிச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 53 டெசிபல்தான் வரும். அப்படி ஒரே இரவில் 14 விமானங்கள் கடந்தாலும் சராசரி 65ஐத் தொடாது. பதினான்கு முறை விழித்தெழுந்த மனிதர், காகிதத்தில் நிம்மதியாக உறங்கியவராகிவிடுவார். காது சராசரியைக் கேட்பதில்லை. ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியே கேட்கிறது. என் அண்டை வீட்டு இளைஞர் கைபேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்து 80க்கு மேற்பட்ட எண்களைக் காட்டினார். முறையாகச் சரிபார்க்கப்படாத கருவியின் அளவு சான்றாகாது என்பதை அறிவோம். சான்றாகக்கூடிய கருவியைக் கொண்டுவந்து வையுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

"விமான நிலையம் இருப்பது தெரிந்துதானே குடிவந்தீர்கள்?" என்ற கேள்வி எழும்; அது நியாயமான கேள்வியே. 1932இல் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்த காலத்தில் எங்கள் மனைப்பிரிவுகள் ஏரி வயல்களாக இருந்தன. (வட திருநள்ளாறு என்று போற்றப்படும் பொழிச்சலூர் அகத்தீசுவரர் மட்டுமே எங்கள் இரு தரப்புக்கும் மூத்தவர், அவர் இதுவரை மனு ஏதும் கொடுக்கவில்லை.) ஆனால் நாங்கள் மனை வாங்கியபோது, இது இரைச்சல் மண்டலம் என்று எந்த வரைபடமும் எங்களிடம் காட்டப்படவில்லை. "விமான நிலையம் பத்தே நிமிடம்" என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது பெருந்திட்டத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவரும் வேளையில், ஓடுபாதைகளைச் சூழ்ந்த பகுதிகளில் எங்கே எவ்வளவு இரைச்சல் என்பதைக் காட்டும் அளவுக் கோடுகளையும் அதில் வரைந்து, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அடுக்குமாடிக்கும் அனுமதி வழங்கும்போது அவற்றைக் கணக்கில் கொண்டால், இனி குடிவருவோரிடமாவது இக்கேள்வியைத் தயக்கமின்றிக் கேட்கலாம்.

இரவு விமானங்களை அடியோடு நிறுத்த வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. சிட்னியில் 1995ஆம் ஆண்டின் தனிச்சட்டப்படி இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடு இருப்பதையும், பிராங்க்பர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை தடை இருப்பதையும் அறிவோம். ஐரோப்பாவில் காலையில் இறங்க வேண்டிய விமானம் இங்கிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டாக வேண்டும் என்பதும், வளைகுடா நாடுகளில் உழைப்போர் பலர் பின்னிரவு விமானங்களையே நம்பியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தவையே. என் தம்பி மகன் தோஹாவிலிருந்து வருவதும் விடியற்காலை விமானத்தில்தான். அவன் வரும் நாளில் மட்டும் அந்த இரைச்சல் எனக்கு இரைச்சலாகத் தோன்றுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தடை விதிக்காமலே செய்யக்கூடியவை பல உள்ளன. புறப்பட்ட விமானம் 800 அடியைத் தாண்டியபின் இயந்திர விசையைக் குறைத்து ஏறும் முறை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த நடைமுறைகளிலேயே இருக்கிறது. இறங்கியதும் வேகத்தைக் குறைக்கப் பயன்படுத்தும் எதிர்விசையை, ஓடுபாதை உலர்ந்திருக்கும் இரவுகளில், பாதுகாப்புக்குக் குறைவில்லாத அளவுக்கு மட்டுப்படுத்தலாம். எங்கள் ஓடுபாதை 3,658 மீட்டர் நீளமுடையது; மெதுவாக வேகம் குறைத்து நிற்க அதில் இடமுண்டு. பழுதுபார்ப்புக்குப் பின் தரையில் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதை விடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். காற்று மந்தமாக இருக்கும் நேரங்களில் ஒரே ஊரின் மேல் இரவு முழுதும் செலுத்தாமல் திசையை மாற்றிப் பகிரலாம். ஆலந்தூர்வாசிகள் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன். இவற்றில் எவையெவை இப்போது இரவில் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதை வெளியிட்டாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும். மேலைநாடுகளில் செய்வதுபோல் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் பொருத்துவது இங்கே தீர்வாகாது. சித்திரை வெயிலில் சன்னலை மூடிப் படுப்பதற்குக் குளிர்சாதனமும் அதற்கான மின்கட்டணமும் வேண்டும்.

பரந்தூரில் புதிய விமான நிலையம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் ஆறுதல் கூறுகிறார்கள். அந்த இடம் 2022இல் அறிவிக்கப்பட்ட நாள்முதல் ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராடிவருவதைப் பார்க்கிறோம். எங்கள் இரவு அமைதியடைவதற்கு அவர்கள் ஊர் காலியாக வேண்டும் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை. அதோடு, புதிய நிலையம் இயங்கத் தொடங்கினாலும் மீனம்பாக்கத்தில் போக்குவரத்து நின்றுவிடப் போவதில்லை.

எனவே, விமான நிலைய நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இணைந்து, ஓடுபாதையின் இரு முனைகளிலும் உள்ள குடியிருப்புகளில் நிரந்தர ஒலி அளவுக் கருவிகளை நிறுவ வேண்டும். இரவில் கடக்கும் ஒவ்வொரு விமானத்தின் உச்ச அளவையும் நேரத்தையும், சராசரியோடு சேர்த்து, மாதந்தோறும் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கருவிக்கு இடம் தேட வேண்டியதில்லை. என் வீட்டு மொட்டைமாடியைத் தரத் தயாராக இருக்கிறேன்; அதற்கான மின்சாரமும் என் கணக்கிலேயே சேரட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொழிச்சலூர்.