வீடியோ திணறினால் நெட் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கம்ப்யூட்டர் லேப் அமைக்கும் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவே இக்கடிதம். தனித்தனி கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரே சர்வர், மேசைக்கு ஒரு தின் கிளையன்ட் பெட்டி (சர்வர் அனுப்பும் திரையைக் காட்டும் சிறு பெட்டி) என்ற ஏற்பாடு டைப்பிங், டேலி, தேர்வுப் பயிற்சிக்கு நன்றாகவே ஒத்துவரும். பாட வீடியோ போட்டதும்தான் சிக்கல். இருபத்தைந்து திரையும் நின்று நின்று ஓடும். வாயசைவு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். உடனே நெட் லைனை மாற்றச் சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை.

இந்த ஏற்பாட்டில், அதாவது விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில், வீடியோவை விரித்துப் படமாக்குவது சர்வர். அந்தப் படத்தை மறுபடி சுருக்கிக் கேபிளில் அனுப்புவதும் சர்வர்தான். 1920×1080 திரைக்கு நொடிக்கு 30 படம் என்றால், சுருக்காமல் ஒரு மேசைக்கே நொடிக்குச் சுமார் 149 கோடி பிட் ஆகும். கிகாபிட் கேபிளே தாங்காது. எச்.264 முறையில் சுருக்கினால் ஏறத்தாழ 5 முதல் 10 மெகாபிட்டில் அடங்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சர்வரில் இந்த இரட்டை வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுகிறது. இரண்டு பேர் பார்த்தால் தெரியாது. வகுப்பே பார்த்தால் டாஸ்க் மேனேஜரில் சிபியு (பிராசசர்) அளவு 100 சதவீதத்தை விட்டு இறங்காது. அந்த நிலையில் ரேம் கூட்டுவது வீண் செலவு.

சர்வரில் கிராபிக்ஸ் கார்டு போட்டால் மட்டும் போதாது, அதை வேலை வாங்கவும் வேண்டும். விண்டோஸ் சர்வர் 2016 முதல், குரூப் பாலிசி எனும் அமைப்புப் பட்டியலில் ரிமோட் செஷன் என்விரான்மென்ட் பகுதியில், எல்லா செஷனுக்கும் ஹார்டுவேர் கிராபிக்ஸ் அடாப்டரைப் பயன்படுத்தும்படியும் எச்.264 ஹார்டுவேர் என்கோடிங்கை (சுருக்கும் வேலையைக் கார்டே செய்வதை) இயக்கும்படியும் அமைக்கலாம். வேலை செய்கிறதா என்பதை விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ஆர்டிபிகோர்டிஎஸ் (RdpCoreTS) பதிவில் பாருங்கள். 170ஆம் எண் ஈவன்டில் ஹார்டுவேர் என்கோடர் 1 என்று இருந்தால் கார்டு உழைக்கிறது. கொட்டேஷனில் இன்னும் ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியு (ஒரே கார்டைப் பலருக்குப் பகிரும் பழைய முறை) என்று எழுதியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்; பாதுகாப்புக் குறையால் மைக்ரோசாஃப்ட் அதை 2020 ஜூலையில் முடக்கி, 2021 ஏப்ரலில் நீக்கிவிட்டது.

இன்னொரு வழி, வீடியோவை விரிக்கும் வேலையைப் பெட்டியிடமே தள்ளிவிடும் ரீடைரக்ஷன். சர்வர் பாரம் பெரிதும் குறையும். ஆனால் அந்த வீடியோ வகையை விரிக்கும் திறன் பெட்டியின் சிப்பில் இருக்க வேண்டும். யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 வகைகளில் அனுப்புகிறது. மலிவான பெட்டிகள் பலவற்றில் எச்.264 மட்டுமே உண்டு. புதிய மாடல் என்றால் எல்லாம் இருக்கும் என்றும் நம்ப முடியாது. ராஸ்பெரி பை எனும் சிறு கம்ப்யூட்டரின் 4ஆம் மாடலில் இருந்த எச்.264 ஹார்டுவேர் டிகோடர் (வீடியோவை விரிக்கும் பகுதி) பை 5இல் கிடையாது. சிப்பால் முடியாததைப் பெட்டியின் பிராசசர் இழுத்துப் பிடித்துச் செய்யும், சூடேறும். மானிட்டர் முதுகில் மாட்டிய ஃபேன் இல்லாத பெட்டி நம் ஊர் சித்திரை வெயிலில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தினமும் போடும் பாடங்களை எச்.264 எம்பி4 ஃபைலாக லேப் சர்வரிலேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

தமிழ் டிடிபி சொல்லித்தருபவர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. சாதாரண எச்.264 முறையில் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான் போகும். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்குப் பாதகமில்லை. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் புள்ளி கரைந்து 'க்' என்பது 'க' போலத் தெரியும். ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத் தகவல் அனுப்பும் ஏவிசி 444 முறைக்கு மாற்றுங்கள். பாரம் கூடும், எழுத்து தெளியும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நடக்கும் மையங்களுக்குக் கேபிள்தான் பெரிய விஷயம். தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபையில் வீடியோ ஓட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். முகப்பில் சர்வர், பின்பக்கம் மூன்றாம் கட்டுப் பகுதியில் லேப் என்றால், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில் கேபிள் சுற்றிப்போகும் தூரம் 100 மீட்டரை எளிதில் தாண்டும். அதற்கு மேல் காப்பர் கேபிள் ஆகாது. ஃபைபர் இழுங்கள், அல்லது நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வையுங்கள். இருபத்தைந்து மேசைக்கு எட்டு மெகாபிட் வீதம் 200 ஆகிறது. பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் அங்கேயே மூச்சு முட்டும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். கிரிம்ப்பிங்கில் (கேபிள் முனையில் பிளக் மாட்டுவதில்) ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம்.

பணம் கட்டுமுன் விற்பவரை உங்கள் இடத்திலேயே, உங்கள் கேபிளிலேயே, எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் முழுத்திரை வீடியோவை அரை மணி நேரம் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், சர்வரின் சிபியு அளவைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டைப் பகிர்வதற்குத் தனி லைசென்ஸ் தேவையா, ஆண்டுதோறும் கட்ட வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம் சொல்லித்தரும் இரண்டு மூன்று மேசைகளுக்கு மட்டும் கிராபிக்ஸ் கார்டுள்ள தனிக் கம்ப்யூட்டரே வாங்கிவிடுங்கள், மலிவாக முடியும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் லேப் பராமரிப்பாளர்கள்,
காரைக்குடி