ஹார்டிங் அத்தனை அப்பாவியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர்களின் ஆட்சிக்கால ஊழல்களைப் பற்றித் தங்கள் இதழில் வரும் தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற இதழில் வாரன் ஹார்டிங்கை, நண்பர்களை நம்பிக் கெட்ட நல்ல மனிதர் என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அவர் லஞ்சம் வாங்கியதாக எவரும் நிரூபிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 'ஒன்றும் அறியாதவர்' என்ற சான்றிதழை அவருக்கு இவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட முடியாது.

அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், கடற்படையின் நாளைய தேவைக்கென்று கலிபோர்னியாவின் எல்க் ஹில்ஸ், வயோமிங்கின் டீபாட் டோம் போன்ற எண்ணெய் வயல்களை அரசு ஒதுக்கி வைத்திருந்தது. கடற்படைத் துறையின் பொறுப்பில் இருந்த அவற்றை 1921 மே 31 அன்று உள்துறைக்கு மாற்றி ஆணையில் கையெழுத்திட்டவர் ஹார்டிங். உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால் அவருடைய பழைய செனட் நண்பர். அடுத்த ஆண்டிலேயே டீபாட் டோம் எண்ணெய் முதலாளி ஹாரி சின்க்ளேரின் நிறுவனத்துக்குப் போட்டி ஏலம் இன்றி ரகசியமாகக் குத்தகைக்குப் போனது. எல்க் ஹில்ஸ் இன்னொரு எண்ணெய் முதலாளியான எட்வர்ட் டோஹெனியின் கைக்குப் போனது.

விஷயம் வெளியே கசிந்து செனட் கேள்வி கேட்டபோது, 1922 ஜூனில் ஹார்டிங் எழுதிய கடிதத்தைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. இந்தக் கொள்கை முன்கூட்டியே தம்மிடம் வைக்கப்பட்டது, அதற்கும் அதன்படி நடந்த செயல்களுக்கும் தம்முடைய முழு ஒப்புதல் உண்டு என்று அதிபரே அதில் சொல்லியிருந்தார். கைமாறிய பணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். குத்தகையைப் பற்றியும் தெரியாது என்று வாதிட அவருடைய கடிதமே இடம் கொடுக்கவில்லை. அவர் நியமித்தவர்களில் ஃபால் மட்டுமா கெட்டுப்போனார்? முன்னாள் படைவீரர் நலத்துறைத் தலைவர் சார்லஸ் ஃபோர்ப்ஸும் பிற்பாடு சிறைக்குப் போனார். ஆள் தேர்வில் ஒரு முறை தவறினால் அதை விதி என்று விட்டுவிடலாம்.

இந்தக் குட்டு உடைந்த விதத்தையும் தாங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். செனட்டில் அன்று சிறுபான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மொன்டானா செனட்டர் தாமஸ் வால்ஷ், மாதக்கணக்கில் ஆவணக் குவியலுக்குள் முடங்கிக் கிடந்தார். 1923 அக்டோபரில் விசாரணை தொடங்கியபோது அதைச் சீண்டுவார் இல்லை. பழி தூற்றுகிறார் என்று சில பத்திரிகைகள் அவரையே ஏசின. அதற்குள் ஹார்டிங் இறந்துவிட்டிருந்தார். பிறகு நியூ மெக்சிகோவிலிருந்து கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர் வந்து சாட்சி சொன்னார்: பல ஆண்டு வரி பாக்கி வைத்திருந்த ஃபாலின் பண்ணை திடீரென்று செழித்துவிட்டது, பாக்கியும் தீர்ந்துவிட்டது. (இந்த மகீதான் பிற்காலத்தில் காசு போட்டு வண்டி நிறுத்தும் மீட்டருக்குக் காரணமானவர்.)

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, வாஷிங்டன் போஸ்ட் உரிமையாளர் எட்வர்ட் மெக்லீன் கொடுத்த கடன் என்றார் ஃபால். மெக்லீனும் முதலில் ஆமாம் போட்டார். வால்ஷ் விடாமல் ஃபுளோரிடாவுக்கே போய் விசாரித்தபோது, தாம் கொடுத்த காசோலைகள் மாற்றப்படாமலே திரும்பி வந்தன என்று ஒப்புக்கொண்டார். ஒரு சிற்றூர்ப் பத்திரிகைக்காரர் உண்மையைச் சொல்ல, தலைநகரின் பத்திரிகை முதலாளி பொய்க்கு முட்டுக் கொடுத்தார். 'பத்திரிகைகள் அம்பலப்படுத்தின' என்ற தங்கள் வரியில் இவர்களில் யாரைச் சேர்ப்பது?

1924 ஜனவரியில் டோஹெனி உண்மையைக் கக்கினார். 1,00,000 டாலர் ரொக்கத்தை ஒரு கறுப்புப் பையில் வைத்துத் தம் மகன் வழியாக ஃபாலுக்கு அனுப்பினாராம். பழைய நண்பருக்குக் கடன், தமக்கு அது அற்பத் தொகை என்றார். எல்க் ஹில்ஸ் வயலில் தமக்கு 10 கோடி டாலர் லாபம் வரும் என்று எதிர்பார்த்ததையும் அவரே சொன்னார். சின்க்ளேர் பக்கமிருந்து அரசுக் கடன் பத்திரங்களும், பண்ணைக்கு மாடுகளும் பன்றிகளும் வந்திருந்தன.

இனி முடிவு. உச்ச நீதிமன்றம் 1927இல் குத்தகைகளை ரத்து செய்தது. 1929இல் டோஹெனியிடம் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக ஃபாலுக்கு ஓராண்டுச் சிறையும் 1,00,000 டாலர் அபராதமும் கிடைத்தன. பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான். மறு ஆண்டு, அதே பணத்தை அதே ஃபாலுக்கு லஞ்சமாகக் கொடுத்ததாக டோஹெனி மீது நடந்த வழக்கில் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார்! வாங்கியவருக்கு அது லஞ்சம், கொடுத்தவருக்கு அது லஞ்சம் இல்லை. சின்க்ளேர் சில மாதம் சிறையில் இருந்தார், அதுவும் லஞ்சத்துக்காக அல்ல, நாடாளுமன்ற அவமதிப்புக்காகவும் வழக்கின் ஜூரிகளை வேவு பார்க்க ஆள் வைத்ததற்காகவும்.

அடுத்த பகுதி ஹார்டிங்குக்குப் பின் அதிபரான கூலிட்ஜைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். பணம் கைமாறிய கதை வெளிவந்த 1924ஆம் ஆண்டிலேயே அவரும் அவருடைய குடியரசுக் கட்சியும் பெரும் வெற்றி பெற்றது எப்படி என்பதைக் கட்டுரையாளர் அதில் விரிவாக எழுத வேண்டும். ஹார்டிங்கின் அந்த 1922 கடிதத்தையும் மொழிபெயர்த்து ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கும்பகோணம்.