அக்காவுக்கு, அவள் பெரிய மகனைக் கத்தாருக்கு வேலைக்கு அனுப்புவது பற்றி

தோஹா
2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவுக்குக் கால்வீக்கம் வற்றிவிட்டது என்று கேட்டபிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். இன்று லீவு. துணி துவைத்துப் போட்டுவிட்டு, அறையில் மற்றவர்கள் தூங்கும் நேரம் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"பெரியவனை அனுப்பலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லு" என்று போனில் கேட்டாய். நான் மழுப்பினேன். அவன் உன் பக்கத்தில் நிற்பது மூச்சிலேயே தெரிந்தது. அவன் காதில் விழும்படி "வேண்டாம்" என்று சொல்ல மனது வரவில்லை. சரி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிவிட்ட எனக்கே இதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்ட் ஒன்றே முக்கால் லட்சம் கேட்பது "ஃப்ரீ விசா"வுக்கு என்றால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அப்படி ஒரு விசா இங்குள்ள சட்டத்தில் இல்லை. யாரோ ஒருவர் பெயரில் விசா எடுத்து, ஆளை இங்கே இறக்கிவிட்டு, "போய் எங்காவது வேலை தேடிக்கொள்" என்று விட்டுவிடுவார்கள். விசா ஒருவர் பெயரில், வேலை இன்னொருவரிடம் என்று இருந்து பிடிபட்டால் அனுபவிப்பது பையன்தான், ஏஜென்ட் இல்லை. நம் அரசாங்கத்தில் பதிவுசெய்த ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணை அரசாங்கத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் ஆள் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். கத்தாருக்கு முறையான வேலை என்றால் கொச்சியிலோ சென்னையிலோ இருக்கிற விசா மையத்துக்குக் கூப்பிடுவார்கள். மெடிக்கலும் கைரேகையும் அங்கேதான். வேலை ஒப்பந்தத்தையும் அங்கேயே வாசித்துக் கையெழுத்துப் போடலாம். அத்தான் ரப்பர் விளையை ஈடு வைக்கப்போவதாகச் சொன்னாய். அந்தப் பத்திரம் பெட்டியைவிட்டு வெளியே வரக்கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வந்தபோது இந்த மையமும் இல்லை, எனக்குப் புத்தி சொல்ல ஆளும் இல்லை. 2014-ல் ரப்பர் விலை சரிந்துகொண்டே வந்தது உனக்கு நினைவிருக்கும். 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்ற ஷீட். அந்த விலையை நம்பித்தான் அப்பா உன் கல்யாணக் கடனை வாங்கினார். இங்கே உலகக்கோப்பைக்காக ஊரையே தோண்டிப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்த சமயம். 1,500 ரியால் என்று சொன்னார்கள், ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டி வந்தேன். வந்து இறங்கியதும் வேறொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் 900 என்று இருந்தது. அன்றைய கணக்கில் ரியால் 16 ரூபாய் சொச்சம். வாங்கின கடனுக்கு வட்டி போக மீதியைத்தான் அனுப்பினேன். இதை நான் இதுவரை உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. முதல் ஒன்றரை வருடம் நான் சம்பாதித்ததில் பெரும்பங்கு வட்டிக்காரருக்குத்தான்.

வேறு கம்பெனிக்கு மாறவும் வழியில்லை. பழைய கம்பெனி சம்மதக் கடிதம் கொடுத்தால்தான் மாறலாம், அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் விமானமே ஏறலாம். 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் அடித்தபோது நம் விளையில் அறுபது மரம் விழுந்துகிடந்ததை என் வீட்டுக்காரி போட்டோ அனுப்பினாள். நான் லீவு கேட்டேன், கையெழுத்து கிடைக்கவில்லை. முறிந்த மரத்தை எல்லாம் அப்பாவும் அத்தானும் வெட்டி ஏற்றினார்கள். நான் இங்கே ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏ.சி. யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போகக் கம்பெனியின் கையெழுத்து வேண்டும் என்ற சட்டம் 2018-ல் எங்களைப் போன்றவர்களுக்குப் போனது. வேலை மாறச் சம்மதக் கடிதம் வேண்டும் என்பது 2020-ல் போனது. அடுத்த மாதமே நான் மாறினேன். இப்போதைய கம்பெனியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதம் தவறாமல் சம்பளம் வங்கியில் விழுகிறது. அறையில் எட்டுப் பேர் இருந்தோம், இப்போது நாலு பேர்.

இனி நல்லதைச் சொல்கிறேன். மறைக்கக்கூடாது. உன் கல்யாணக் கடன் தீர்ந்தது. அப்பாவின் இதய ஆப்பரேஷனுக்கு யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. என் மோள் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மழை பெய்தால் பாத்திரம் வைக்கிற வீட்டில் பிறந்தோம், இப்போது கான்கிரீட் வார்ப்பு வீட்டில் இருக்கிறார்கள். ஊரில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டு இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. வேலையும் படித்தேன். கம்ப்ரசர் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். அவர் நாட்டையும் அவரைப்போல வெளியே போனவர்களின் பணம்தான் தாங்குகிறதாம். நம் நாட்டுக்கும் அப்படித்தான். 2024-ல் மட்டும் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பியது ஏறக்குறைய 129 பில்லியன் டாலர் என்று உலக வங்கி கணக்குச் சொன்னது, உலகத்திலேயே அதிகம். அதை வாசித்த அன்று எங்கள் அறையில் எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

என் வீட்டுக்காரியையும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் வங்கிக்குள் நுழையவே பயந்தவள். இன்றைக்கு ஷீட் விற்பது, கடன் அடைப்பது, அப்பாவை ஸ்கூட்டரில் காரக்கோணம் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள்தான். நான் இல்லாததால்தான் அவள் இப்படி ஆனாள். சந்தோஷமாகவும் இருக்கிறது, இதைக் கற்றுக்கொள்ள அவள் எத்தனை ராத்திரி தனியாக அழுதிருப்பாள் என்று வேதனையாகவும் இருக்கிறது.

போனது என்ன என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வந்தபோது மோளுக்கு இரண்டு வயது. இப்போது பதின்மூன்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது நாள் லீவு. ஐந்து லீவையும் கூட்டினால் 250 நாள். பதினொரு வருடத்தில் என் பிள்ளையோடு நான் இருந்தது ஒரு வருடம்கூட நிறையவில்லை அக்கா. எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

இன்னொன்று. போன லீவில் விடியுமுன் எழுந்து, அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு விளைக்குப் போனேன். ஓகியில் தப்பின பழைய மரம் முப்பத்தைந்தும் நான் பதினைந்து வயதில் வெட்டிப் பழகினவை. கை நினைவு வைத்திருக்கும் என்று நம்பினேன். மூன்றாவது மரத்திலேயே கத்தி ஆழமாக இறங்கி, பட்டையைத் தாண்டித் தடியில் காயம் விழுந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் போய் மருந்து பூசிவிட்டு வந்திருக்கிறார். இப்போது நம் விளையில் வெட்டுவது அசாமிலிருந்து வந்த பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். சுத்தமான வெட்டு. சனிக்கிழமை கூலி வாங்கினதும் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போனில் பணம் அனுப்புகிறான். "அங்கே உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் அண்ணா?" என்று என்னிடம் கேட்டான். நான் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி யோசித்தவன்தானே. நான் விட்டு வந்த வேலையைச் செய்ய அவன் வீட்டை விட்டு வந்திருக்கிறான். அவன் வீட்டு வயலை யார் பார்க்கிறார்களோ.

ஊருக்கு நாங்கள் செய்ததில் ஒரு கெடுதலும் இருக்கிறது. எங்கள் பணம் பெரும்பாலும் வீடாகவும் நிலமாகவும்தான் ஆனது. அதனால் மார்த்தாண்டம் சுற்றுவட்டத்தில் ஒரு சென்ட் நிலம் விற்கிற விலைக்கு, ஊரிலேயே இருந்து உழைக்கிற ஒருவனால் வாங்க முடியாது. அவனும் வெளியே போனால்தான் வீடு கட்டலாம் என்று ஆக்கியது நாங்கள்தான். பளுகல் பக்கம் நம் தெருவிலேயே பார். பெரிய வீடுகள், உள்ளே இரண்டு வயதானவர்கள், மேல்மாடியில் விளக்கே எரிவதில்லை. மேலத்தெரு நர்சுப் பிள்ளை இங்கிலாந்து போனாளே, அவள் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டாள். அந்த வகையில் அவளுக்கு என் பாடு இல்லை. ஆனால் இனி அந்த வீட்டுக்கு யாரும் திரும்பி வரப்போவதில்லை. அவளைப்போல ஒரு நல்ல நர்சும் நம் ஆசுபத்திரியில் இல்லை.

அவளைப்போலக் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள எனக்கு வழியில்லை, இங்கேயே தங்கவும் உரிமை இல்லை. இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறவரைதான் இங்கே தங்குவதற்கான ஐ.டி. வேலை முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். கையில் வருவது வருடத்துக்கு மூன்று வார அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் ஒரு தொகை. பென்ஷன் கிடையாது. கேரளத்துப் பாறசாலைக்காரன் ஒருவன் என்னோடு வேலை செய்கிறான். நம் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் பஸ்ஸில் போனால் கொஞ்ச தூரம்தான். அவன் கேரளத்தின் பிரவாசி நல வாரியத்தில் மாதாமாதம் கட்டுகிறான், அறுபது வயதுக்குமேல் பென்ஷன் வரும். 1956-ல் நம் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததால் எனக்கு அது இல்லை. இங்கே மலையாளிகள் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துப் பேசுவார்கள், மதுரைப் பையன்கள் என் தமிழைக் கேட்டு "அண்ணன் கேரளாவா?" என்பார்கள். உதவி என்று வரும்போதுதான் விலாசம் தெரிகிறது. இப்போது நம் தமிழ்நாடு அரசும் அயலகத் தமிழர் நல வாரியம் வைத்திருக்கிறது. பெரியவன் எங்கே போனாலும் அதில் பதிந்துவிட்டுப் போகட்டும்.

வெயிலைப் பற்றி உனக்குப் பயம் என்றாய். பயப்பட வேண்டியதுதான். ஜூன் முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, எங்கள் கம்பெனி அதை மதிக்கிறது. ஆனாலும் காலை ஏழு மணிக்கே மொட்டைமாடித் தகரத்தில் கை வைக்க முடியாது. என் அறையில் இருந்த நேபாளிப் பையன் கட்டட வேலைக்காரன். சிறுநீரகம் கெட்டு, முப்பது வயதில் ஊருக்குத் திரும்பினான். தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வான், கழிப்பறைக்குப் போகிற நேரத்துக்கு மேஸ்திரி திட்டுவார் என்று.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பெரியவன் இப்போது வரக்கூடாது. இங்கே சட்டப்படி குறைந்த சம்பளம் 1,000 ரியால், கம்பெனி தங்க இடமும் சாப்பாடும் தராவிட்டால் அதற்கு 500-ம் 300-ம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆயிரம் ரியால் இன்றைக்கு 23 ஆயிரம் ரூபாய் வாக்கில் வரும். நம்மூர்க் கொத்தனார் ஒரு நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறார், ராத்திரி வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுப் படுக்கிறார். கைத்தொழில் இல்லாமல் வருகிறவனுக்கு இது நட்டம். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ இருக்கிறது, நல்லது. ஆனால் காகிதத்தைப் பார்த்து யாரும் சம்பளம் தருவதில்லை. ஒன்றிரண்டு வருடம் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ ஏ.சி. வேலையில் நின்று கை பழகட்டும். அப்புறமும் அவனுக்கு ஆசை இருந்தால் நானே முறையான கம்பெனியாகப் பார்க்கிறேன். அப்படி வரும்போது எத்தனை வருடம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு வர வேண்டும். நான் மூன்று வருடம் என்று சொல்லித்தான் வந்தேன். கடன் தீர்ந்தது, அப்புறம் வீடு, அப்புறம் மதில், அப்புறம் மோளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. எதுவும் வேண்டாத செலவு இல்லை. ஆனால் எங்கே நிறுத்துவது என்று நான் யோசிக்கவே இல்லை.

இவ்வளவும் அவனுக்கு வாசித்துக் காட்டு. கோபப்படுவான், படட்டும். நான் அவன் வயதில் இருந்தபோது இதைச் சொல்ல எனக்கொரு மாமா வெளிநாட்டில் இல்லை.

கடைசியாக ஒன்று. ஓகிக்குப் பிறகு அப்பா நட்ட கன்றெல்லாம் ஏழு வருடம் ஆகிவிட்டது, வெட்டப் பருவம் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரி சொன்னாள். நாலடி உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று நூல் வைத்து அளந்து பார்க்கச் சொல். இருந்தால் செப்டம்பரில் வெட்டுக்கு மார்க் போடலாம். எனக்கு செப்டம்பர் 4-ம் தேதி டிக்கெட். அந்த மரங்களை நான் நடவும் இல்லை, தண்ணீர் விடவும் இல்லை, முதல் வெட்டுக்காவது நான் நிற்க வேண்டும். அதுவரை அப்பாவைப் பொறுத்திருக்கச் சொல். அந்த அசாம் பையனையும் அன்றைக்கு வரச் சொல், எனக்குக் கை காட்டித் தரட்டும். பெரியவனையும் கூட்டிக்கொண்டு வா. கத்தியைச் சாணை பிடித்து வைக்க அத்தானிடம் ஞாபகப்படுத்து.

அன்புடன்,
உன் தம்பி